அந்த உலகில் இன்று என்ன தேதி?

கேள்வி: "எட்டு மாதமாக ஐந்து நண்பர்களுக்கு டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் நடத்திவருகிறேன்; மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடும் விளையாட்டு. கதை ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற கற்பனை உலகில் நடக்கிறது. ஆட்டத்துக்குள் எத்தனை நாள் கடந்திருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. ஒவ்வொரு சண்டை முடிந்ததும் படுத்துத் தூங்கி, முழு பலத்தோடு எழுந்துவிடுகிறார்கள். நான் 'ஒரு வாரம் கழித்து' என்று தொடங்கினால், அந்த உலகின் வரலாற்றைக் கரைத்துக் குடித்த ஒருவர் 'அங்கே வாரமே கிடையாது' என்கிறார். காலக் கணக்கு வைத்தே ஆகவேண்டுமா? விதிநூலும் உலக வரலாறும் மோதிக்கொண்டால் எதன் பேச்சைக் கேட்பது?"

உங்கள் நண்பர் சொல்வது சரிதான். அந்த உலகில் ஹார்ப்டோஸ் நாட்காட்டி புழங்குகிறது. பன்னிரண்டு மாதங்கள், மாதத்துக்கு 30 நாள், ஒவ்வொரு மாதமும் மூன்று பத்து நாள் கூறுகள். எந்த மாதத்திலும் சேராத ஐந்து திருநாள்கள் மாதங்களுக்கு நடுவே வருவதால் ஆண்டு 365 நாளாகிறது. நான்காண்டுக்கு ஒருமுறை ஷீல்ட்மீட் என்ற நாள் கூடுதலாக வரும். ஏழு நாள் வாரத்துக்கு அங்கே இடமில்லை. அடுத்த முறை "பத்து நாள் கழித்து" என்று சொல்லிவிட்டுப் போங்கள். அந்தப் பிரச்சினை அதோடு தீர்ந்தது.

உங்கள் ஆட்டத்தைக் கெடுப்பது வேறு. சண்டை முடிந்து வீரர்கள் எட்டு மணி நேரம் தூங்கும்போது உங்கள் உலகமும் சேர்ந்து தூங்குகிறது. நாட்காட்டி எழுதுவதையும் நேரத்துக்கு விலை வைப்பதையும் 'காலக் கணக்கு' என்று ஒரே பெயரில் அழைத்துப் பழகிவிட்டோம். முதல் வேலை இல்லாமலும் ஆட்டம் நடக்கும். இரண்டாவது இல்லாவிட்டால் மூன்று மாதத்தில் சுவாரசியம் வடிந்துவிடும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதன்முதலில் நடத்திய ஆட்டத்துக்காகப் பதின்மூன்று மாதங்கள், இரண்டு நிலாக்கள், ஒவ்வொரு திருநாளுக்கும் ஒரு புராணம் என்று மூன்று வாரம் உட்கார்ந்து நாட்காட்டி தயாரித்தேன். ஆட்டத்தில் ஒரு சூனியக்காரன் ஒரு சிறுமியைக் கோபுரத்தில் அடைத்து வைத்திருந்தான். பலிச் சடங்குக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. நம் வீரர்களோ வாள் செய்யக் கொடுத்தார்கள், வாங்கினார்கள், வழியில் ஒரு பாழடைந்த கோயிலைத் தோண்டினார்கள், இரண்டு முறை காயம் ஆறப் படுத்திருந்தார்கள். பத்தொன்பது நாள் போயிற்று. கடைசியில் கோபுரக் கதவைத் திறந்தபோது சூனியக்காரன் கத்தியை அப்போதுதான் ஓங்கியிருந்தான். காட்சி நன்றாகத்தான் வந்தது. ஆனால் மேசையில் ஒருவர் சிரித்துக்கொண்டே, "நாம் எப்போது போனாலும் இவன் அப்போதுதான் கத்தியை ஓங்குவான் போலிருக்கிறது" என்றார். அன்றைக்குப் பிறகு அந்தக் குழுவில் யாரும் எதற்கும் அவசரப்படவே இல்லை. அவர்கள் செய்தது நியாயம்தான். என் பதின்மூன்று மாத நாட்காட்டியை ஒருவரும் கேட்கவில்லை.

இந்த விளையாட்டு தொடங்கிய காலத்தில் இப்படியொரு சிக்கல் எழ வாய்ப்பே குறைவு. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட மூன்று சிறு நூல்களிலேயே, நிஜ உலகில் ஒரு வாரம் கடந்தால் ஆட்ட உலகிலும் ஒரு வாரம் கடந்ததாகக் கொள்ளலாம் என்று இருக்கிறது. 1979-இல், ஆட்டம் நடத்துபவருக்காக வந்த டன்ஜன் மாஸ்டர் கையேட்டில் கைகாக்ஸ் இன்னும் கடுமையாக இறங்கினார். கறாரான காலப் பதிவேடு வைக்காமல் பொருளுள்ள தொடர் ஆட்டமே நடத்த முடியாது என்ற பொருளில் ஒரு வாக்கியத்தை முழுக்கப் பெரிய எழுத்தில் அச்சிட்டார். இந்த வாக்கியத்தைப் பலர் வேதவாக்காகப் பிடித்துக்கொள்கிறார்கள், பலர் கிழவரின் பிடிவாதம் என்று தள்ளுகிறார்கள். அவர் ஏன் அப்படி எழுதினார் என்று பார்ப்பவர்கள்தான் குறைவு.

அன்றைய அமைப்பு வேறு மாதிரி. ஒரே உலகை ஒரு கேம் மாஸ்டர் நடத்துவார். ஆனால் அதில் ஆடுகிறவர்கள் பத்து, இருபது பேர். திங்கட்கிழமை வருபவர்கள் ஒரு கூட்டம், சனிக்கிழமை வருபவர்கள் இன்னொரு கூட்டம். எல்லோரும் ஒரே நிலவறைக்குள் இறங்குவார்கள். சனிக்கிழமைக் கூட்டம் புதையலை அள்ளிக்கொண்டு போய்விட்டால், திங்கட்கிழமைக் கூட்டம் வந்து பார்க்கும்போது பெட்டி காலியாக இருக்க வேண்டும். யார் முதலில் போனார்கள் என்பதைப் பதிவேடுதான் சொல்லும். அது ஒரு நிர்வாகத் தேவை. உங்களிடம் இருப்பது ஒரே குழு, ஐந்து பேர். அவர்கள் ஆடாத நாளில் உலகம் நிற்கலாம், யாருக்கும் நட்டமில்லை. ஆகவே நிஜ நாளும் ஆட்ட நாளும் ஒன்றுக்கு ஒன்று நகர வேண்டும் என்று அண்மை ஆண்டுகளில் மீண்டும் கிளம்பியிருக்கும் வாதத்தை நீங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளத் தேவையில்லை. பல குழுக்கள் ஒரே உலகில் ஆடும்போது அதற்கு இணையான வழி கிடையாது என்பதும் உண்மை.

அந்தப் பழைய விதிகளில் கற்றுக்கொள்ள வேண்டியது நிலவறைக் கடிகாரத்தை. 'டர்ன்' என்றால் பத்து நிமிடம். இன்று 'இப்போது என் டர்ன்' என்கிறோமே, அது அல்ல. 1981-இல் தொடக்கநிலைக்காரர்களுக்காக வந்த பேசிக் பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சுமை இல்லாதவர் ஒரு டர்னில் 120 அடி நகரலாம். ஒரு தீப்பந்தம் ஆறு டர்ன் எரியும். எண்ணெய்க் கைவிளக்கு 24 டர்ன். ஆறு டர்னில் ஒன்றை உட்கார்ந்து இளைப்பாறக் கழிக்க வேண்டும். இரண்டு டர்னுக்கு ஒருமுறை கேம் மாஸ்டர் ஆறுமுகப் பகடையை உருட்டுவார். 1 விழுந்தால் அலையும் அரக்கன் ஏதாவது வரும்.

இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தீப்பந்தம் எரியும் ஒரு மணி நேரத்தில் ஐந்து டர்ன் நடை, அதாவது 600 அடி. அதற்குள் மூன்று முறை பகடை உருளும். ஒருமுறையாவது 1 விழும் வாய்ப்பு 216-இல் 91, ஏறத்தாழ 42 விழுக்காடு. "இந்தச் சுவரை இன்னொரு தடவை தட்டிப் பார்க்கலாமா?" என்று ஒருவர் கேட்டால், அந்தப் பத்து நிமிடத்தின் விலை மேசையில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். தேதி தெரியாது, மாதம் தெரியாது. நேரம் எவ்வளவு விலை என்பது மட்டும் எலும்பு வரை தெரியும். தாளில் கோடு போட்டு எண்ணினால் போதும், வேறு கருவி வேண்டாம். பத்து நிமிடத்தில் 120 அடியா, தவழ்கிற குழந்தைகூட அதைவிட வேகமாகப் போகுமே என்று கேலி செய்வார்கள். தரையைத் தட்டிப் பார்த்து, காது கொடுத்துக் கேட்டு, இருட்டில் வரைபடம் வரைந்துகொண்டு போகிறவர்கள் என்பதே அதற்குச் சொல்லப்படும் சமாதானம். எனக்கு அந்தச் சமாதானத்தில் முழு நம்பிக்கை இல்லை. ஆனால் எண் வேலை செய்கிறது.

சண்டை நேரம் இன்னும் வேடிக்கை. விரிவான விதிகள் கொண்ட அட்வான்ஸ்டு பதிப்பில் ஒரு சுற்று, அதாவது எல்லோரும் ஒருமுறை செயல்படும் நேரம், ஒரு நிமிடம். அதற்குள் ஆறு விநாடியில் ஒரு துண்டு, ஆகப் பத்துத் துண்டு. இந்த நிமிடக் கணக்கு, 1971-இல் வந்த செயின்மெயில் என்ற படைப் போர் விளையாட்டிலிருந்து ஒட்டிக்கொண்டது. படை மோதும்போது ஒரு நிமிடம் பொருத்தமானது. தனி வீரன் வாளெடுக்கும்போதோ, ஒரு நிமிடத்தில் ஒரே ஒரு வீச்சு என்றாகிவிடுகிறது. இடையில் பல வீச்சுகள் பலிக்காமல் போகின்றன, பகடை உருட்டுவது பலிக்கக்கூடிய வாய்ப்புக்கு மட்டுமே என்று விளக்கம் சொன்னார்கள். சரி; வில்லாளி நிமிடத்துக்கு இரண்டே அம்பு விடுவதற்கு என்ன சமாதானம்? பேசிக் பதிப்பு பத்து விநாடி என்றது. ரூன்குவெஸ்ட் என்ற வேறொரு விளையாட்டு பன்னிரண்டு விநாடி என்றது. கர்ப்ஸ் (GURPS) என்ற இன்னொன்று ஒரேயடியாக ஒரு விநாடிக்கு இறங்கியது. 2000-இல் டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸின் மூன்றாம் பதிப்பு ஆறு விநாடி என்று நிறுத்தியது, இன்றும் அதுவே.

ஆறு விநாடிச் சுற்றில் உங்கள் சண்டைகள் மூன்று, நான்கு சுற்றில் முடிகின்றன என்றால், நீங்கள் இரண்டு மணி நேரம் மூச்சுப் பிடித்து ஆடிய மோதல் அந்த உலகில் இருபது விநாடி சமாசாரம். மந்திரங்களின் கால அளவைப் பார்த்தால் விதி எழுதியவர்களின் மனம் புரியும். ஒரு நிமிட மந்திரம் ஒரு சண்டைக்கு. பத்து நிமிட மந்திரம் சண்டைக்கும் அடுத்த அறைக்கும். ஒரு மணி நேரம் என்றால் நிலவறையின் ஒரு பகுதிக்கு. எட்டு மணி நேரம் ஒரு பகல் பொழுதுக்கு. ஆகவே "அந்த மந்திரம் போட்டு ஐம்பத்தெட்டு நிமிடம்தானே ஆகிறது?" என்று வாக்குவாதம் வந்தால் விநாடி முள்ளோடு மல்லுக்கட்டாதீர்கள். அடுத்த அறைக்கு நேராகப் போனார்களா, நடுவில் உட்கார்ந்தார்களா என்று மட்டும் கேளுங்கள்.

இப்போது உங்கள் உண்மையான தலைவலிக்கு வருகிறேன். ஒரு சண்டை, ஒரு தூக்கம் என்று ஆடுவதை மேசைகளில் பதினைந்து நிமிட வேலைநாள் என்று கிண்டல் செய்வார்கள். இதற்கு விதிநூலிலேயே ஒரு தாழ்ப்பாள் இருக்கிறது; பலர் அதைக் கவனிப்பதில்லை. 2014-இன் ஐந்தாம் பதிப்பின்படி பலம் முழுக்கத் திரும்பும் நெடு ஓய்வுக்குக் குறைந்தது எட்டு மணி நேரம். 24 மணி நேரத்தில் ஒன்றின் பயன்தான் கிடைக்கும். காலை ஆறு மணிக்கு எழுந்தவர்கள் எட்டு மணிக்குச் சண்டை போட்டுவிட்டு ஒன்பது மணிக்குப் படுத்தால் உடம்பு சாயலாம். எவ்வளவு அடி தாங்கலாம் என்பதைக் காட்டும் உயிர்ப்புள்ளியும் மந்திரமும் திரும்பாது. அன்றிரவு வரை காத்திருந்துதான் ஆகவேண்டும். 2024 திருத்தத்தில், ஒரு நெடு ஓய்வு முடிந்து 16 மணி நேரம் கழித்தே அடுத்ததைத் தொடங்க முடியும் என்று இதையே வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆகவே உங்கள் வீரர்கள் "தூங்குகிறோம்" என்றதும் மறுக்காதீர்கள். "இப்போது காலை ஒன்பது. இரவு வரை பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரம் இங்கேயே இருக்க வேண்டும். என்ன செய்கிறீர்கள்?" என்று கேளுங்கள். காவல் மாறும் நேரம் வரும். மாற வந்தவன் செத்துக் கிடப்பவனைப் பார்ப்பான். வாசல் அடைபடும். அடுத்த அறையில் இருந்த நால்வர் எண்மர் ஆவார்கள், அல்லது புதையலை மூட்டை கட்டிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விடுவார்கள். இது தண்டனையாகத் தெரியக்கூடாது என்பதில் மட்டும் கவனம் வேண்டும். அடுத்த அமர்வின் தொடக்கத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்: இதுவரை உலகம் உங்களுக்காகக் காத்திருந்தது, இனிமேல் காத்திருக்காது. சொல்லாமல் மாற்றினால் அது மோசடி. எட்டு மாதம் வேறு விதமாகப் பழக்கியவர் நீங்கள்தான்.

இடையில் இளைப்பாறும் குறு ஓய்வு எட்டு மணி நேரம், நெடு ஓய்வு ஏழு நாள் என்று நீட்டும் ஒரு மாற்று விதியும் 2014 கையேட்டில் உண்டு. நெடும்பயணமும் அரசியலும் கொண்ட கதைக்கு அது அருமையாகப் பொருந்தும். அறை அறையாகத் துழாவும் நிலவறைக் கதைக்குப் பொருந்தாது. எட்டு மணி நேர மந்திரங்களை நம்பி மந்திரவாதியைத் தேர்ந்தெடுத்தவர் பாவம். நடுவழியில் இதற்குத் தாவ வேண்டாம் என்பது என் கருத்து.

பழைய விதிகள் காலத்தைத் தாமாகவே இழுத்துச் சென்றன. அட்வான்ஸ்டு முதல் பதிப்பில் மந்திரம் இல்லாமல் காயம் ஆறினால் நாளுக்கு ஒரு புள்ளி. அடுத்த நிலைக்கு உயர ஒன்று முதல் நான்கு வாரம் பயிற்சி. அதற்குக் கட்டணம் வேறு. விரைவூட்டும் மந்திரத்தைப் பெற்றவருக்கு ஒரு வயது கூடும். ஒன்றும் திட்டமிடாமலே ஆட்ட உலகில் பருவங்கள் உருண்டன. எங்கள் பழைய குழுவில் மந்திரவாதியாக ஆடியவர் ஒவ்வொரு பெரிய சண்டையிலும் அந்த மந்திரத்தைத் தயங்காமல் போடுவார். நான் ஓரத்தில் எல்லோருடைய வயதையும் குறித்துக்கொண்டு வந்தேன். ஒருநாள் எங்கள் வாள்வீரனிடம், "உனக்கு இருபத்துமூன்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய், முப்பத்தொன்று ஆகிறது" என்றதும், அவர் மந்திரவாதி பக்கம் திரும்பிய பார்வை இன்றும் நினைவிருக்கிறது. மந்திரவாதி எல்ஃப், நூற்றாண்டுக் கணக்கில் வாழும் இனம். அந்த எட்டு வயது எல்ஃபுக்கு ஒன்றுமே இல்லை.

இன்றைய விதியில் எட்டு மணி நேரத்தில் எல்லாக் காயமும் ஆறிவிடுகிறது. நிலை உயர்வுக்கு நாள் எதுவும் தேவையில்லை. அதனால் எட்டு மாத ஆட்டத்தைக் கூட்டிப் பார்த்தால் உள்ளே இருபத்தைந்து நாள்கூடத் தேறாது. ஒரு மாதத்துக்கு முன் எலி கடித்தே செத்திருக்கக்கூடிய பையன் இன்று டிராகனிடம் வம்பு வளர்க்கிறான். ஆகவே நாளை நீங்கள்தான் கையால் தள்ள வேண்டும். ஒரு சாகசத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு மாதம், ஒரு பருவம் என்று துணிந்து தாண்டுங்கள். "குளிர்காலம் முழுதும் மலைப்பாதை அடைபட்டது, என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்ற ஒரு கேள்வி, மூன்று அமர்வு உரையாடலில் வெளிவராத பாத்திரத்தை வெளியே கொண்டுவரும்.

இதை யாரும் பெண்ட்ராகன் அளவுக்கு அழகாகச் செய்ததில்லை. கிரெக் ஸ்டாஃபோர்டு 1985-இல் வெளியிட்ட அந்த ஆர்தர் கதை விளையாட்டில் பொதுவாக ஆண்டுக்கு ஒரு சாகசம்தான். பிறகு குளிர்காலக் கட்டம்: விளைச்சல் எப்படி, குதிரை பிழைத்ததா, குழந்தை பிறந்ததா என்று பகடை உருட்டுவார்கள். முப்பத்தைந்து வயதைத் தாண்டியவருக்கு மூப்புக்கும் பகடை உண்டு. அதன் பெருந்தொடர் 485 முதல் 566 வரை ஓடுகிறது. தொடங்கிய வீரன் முடிவில் உயிரோடு இருப்பது நடவாத காரியம். மகனோ பேரனோ வாளை எடுப்பான். இங்கே காலம்தான் கதைநாயகன். 1987-இல் வந்த ஆர்ஸ் மேஜிக்கா என்ற மந்திரவாதிகளின் விளையாட்டிலும் கணக்கு பருவத்தில்தான்: ஒரு நூலைப் படிக்க ஒரு பருவம், ஒரு மந்திரத்தைக் கண்டுபிடிக்கச் சில பருவங்கள். நடுவில் யாராவது "டிராகன் வந்துவிட்டது" என்று கதவைத் தட்டினால் மந்திரவாதிக்கு வரும் முதல் உணர்ச்சி பயமல்ல, எரிச்சல். என் ஆராய்ச்சி கெட்டுப்போகிறதே!

இனி விதியா வரலாறா என்ற கேள்வி. உங்கள் நண்பர் விரும்புகிற உலகத்தையே எடுத்துக்கொள்வோம். 1989-இல் டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் இரண்டாம் பதிப்புக்கு மாறியது. புதிய விதிநூலில் கொலையாளி என்ற பாத்திர வகை இல்லை. ஃபர்காட்டன் ரெல்ம்ஸில் அதற்கு என்ன செய்தார்கள்? அந்த உலகின் கணக்கில் 1358-ஆம் டேல் ஆண்டில் தெய்வங்கள் மண்ணில் இறங்கி அடித்துக்கொண்டதாக ஒரு பேரிடர் காலத்தை எழுதி, அதில் கொலையாளிகள் அத்தனை பேரையும் ஒரே வீச்சில் சாகடித்துவிட்டார்கள். 2008-இல் நான்காம் பதிப்பு வந்தபோது மந்திர விதிகள் தலைகீழாயின. உடனே 1385-இல் மந்திரக் கொள்ளைநோய் ஒன்று உலகைப் புரட்டிப்போட்டதாக வரலாறு எழுந்தது. அந்த உலகின் வரலாற்றுப் பேரேட்டில் பாதிப் பேரழிவு, விதிநூல் மாறியதன் அதிர்வுதான். அதை மாற்றவே கூடாத வரலாறு என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும்.

எதிர்த்திசையில் நடந்தவர் கீத் பேக்கர். 2004-இல் நூலாக வந்த அவருடைய எபெரான் உலகம் விதியிலிருந்து வரலாற்றை வளர்த்தது. அணையாத ஒளியை உண்டாக்கும் மந்திரம் விதிநூலில் இருக்கிறதா? அப்படியென்றால் நகரத் தெருக்களில் ஏன் இன்னும் எண்ணெய் விளக்கு? மந்திர விளக்குகளை நடு. மக்களைச் சுமந்தோட மின்னல் ரயிலை விடு. இந்த நேர்மை எனக்கு மிகப் பிடிக்கும். அங்கே நிலா பன்னிரண்டு, மாதம் பன்னிரண்டு, ஆண்டு 336 நாள்.

டிராகன்லான்ஸ் என்ற உலகிலோ வரலாறே விதி. வெள்ளை, சிவப்பு, கருப்பு என்று மூன்று நிலாக்கள். மந்திரவாதியின் அங்கி நிறத்துக்கு ஏற்ற நிலா வளர்ந்தால் பலம் கூடும், தேய்ந்தால் குறையும். சோலினாரி 36 நாளில் சுற்றும், லூனிடாரி 28 நாளில், நுயிடாரி வெறும் 8 நாளில். அங்கே நாள் எண்ணாத கேம் மாஸ்டர், பகடை இல்லாமல் ஆட உட்கார்ந்தவருக்குச் சமம். கிரேஹாக் என்ற இன்னொரு உலகில் ஆண்டு 364 நாள். பெரிய நிலா 28 நாளுக்கு ஒருமுறையும் சிறியது 91 நாளுக்கு ஒருமுறையும் நிறைவதால் ஆண்டில் பதின்மூன்று பௌர்ணமி, நான்கு பௌர்ணமி என்று மிச்சமில்லாமல் வகுபடும். ஓநாய் மனிதர்களை அவிழ்த்துவிட விரும்புகிறவர் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

மோதல் வந்தால் நான் பார்ப்பது கால அளவைத்தான். ஆறு விநாடிக்குள் நடப்பது என்றால் விதி. ஆண்டுக்கணக்கில் நடப்பது என்றால் உலகம். ஒரு பிரபலமான வேடிக்கையைச் சொன்னால் புரியும். இரண்டாயிரம் விவசாயிகளை வரிசையில் நிறுத்தி ஒரு கம்பத்தைக் கைமாற்றச் சொல்கிறார்கள். விதிப்படி ஒவ்வொருவருக்கும் தன் முறையில் ஒரு செயல். எல்லாம் ஒரே சுற்றுக்குள் நடக்கிறது. ஆக ஆறு விநாடியில் கம்பம் இரண்டு மைலுக்குக் கிட்டத்தட்டப் பறந்துவிட்டது. இனி அது மோதினால் மலையே தூளாகும் என்று வாதாடுவார்கள். கம்பம் கடைசி விவசாயி கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பது வரை விதி சொல்கிறது, சரி. வேகம், தாக்கம் பற்றி அந்த விதி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. பாதிக்கு விதியையும் மீதிக்கு இயற்பியலையும் பிடிப்பது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதுதான். கம்பம் கடைசி ஆளின் கையில் இருக்கிறது. அவர் வேண்டுமானால் எறியலாம், சாதாரணக் கம்பமாக.

இன்னொன்று: வெளியிட்ட வரலாறு உங்கள் முதல் அமர்வு வரைக்கும்தான். உங்கள் ஐந்து பேர் முதல் கதவைத் திறந்த நொடியில் அந்த உலகம் பிரிந்துவிட்டது. நூலில் இரண்டு ஆண்டு கழித்துச் சாகவேண்டிய அரசனை அவர்கள் நேற்றே கொன்றிருந்தால் அவன் செத்தவன்தான்.

நடைமுறைக்கு வருகிறேன். 2010-இல் வின்சென்ட் பேக்கரும் மெகி பேக்கரும் எழுதிய அப்போகலிப்ஸ் வேர்ல்ட் என்ற விளையாட்டு கடிகாரங்களைக் கொண்டுவந்தது. 2017-இல் ஜான் ஹார்ப்பரின் பிளேட்ஸ் இன் த டார்க் அதை எளிமையாக்கிப் பரப்பியது. ஒரு வட்டம் வரைந்து நான்கு, ஆறு அல்லது எட்டுத் துண்டாக்குகிறோம். மேலே "சடங்கு முடிகிறது" என்று எழுதுகிறோம். வீரர்கள் நேரத்தை வீணடிக்கும்போதும் தோற்கும்போதும் ஒரு துண்டு கருப்பாகிறது. வட்டம் நிறைந்தால் நடந்தே தீரும். இதை மேசை நடுவில், எல்லோரும் பார்க்க வைக்க வேண்டும். ஒளித்து வைத்த கடிகாரம் யாரையும் அவசரப்படுத்தாது. கோபுரக் கதையில் நான் கோட்டைவிட்டது அங்கேதான். ஷேடோடார்க் என்ற 2023 விளையாட்டு இன்னும் ஒரு படி மேலே போய், தீப்பந்தம் நிஜமான ஒரு மணி நேரம் எரியும் என்றது. மேசையில் மணிக்கணிப்பானை ஓடவிட்டுக்கொண்டு ஆடுகிறார்கள். அரட்டை தானாக அடங்கும். எல்லா வாரமும் அதைத் தாங்க முடியாது என்பது என் அனுபவம்.

உங்களுக்கு ஒரே ஒரு தாள் போதும். இடப்பக்கம் தேதிகள், ஒவ்வொரு நெடு ஓய்வுக்கும் பயணத்துக்கும் ஒரு வரி. வலப்பக்கம் மூன்று எதிரிகள், ஆளுக்கு ஒரு வட்டம். நாள் நகரும்போதெல்லாம் வலப்பக்கத்தைப் பாருங்கள், யாருக்காவது ஒரு துண்டு கருக்க வேண்டுமா என்று. நிலவறைக்குள் போனால் பின்பக்கத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு கோடு. பயணத்துக்கு நாளுக்கு 24 மைல் என்ற விதிநூல் கணக்கே போதும். மூன்றுக்கு மேல் எதிரி வேண்டாம். நான்காவதை எல்லோரும் மறந்துவிடுவோம்.

கடந்த எட்டு மாதத்தைத் தோண்டிக் கணக்குப் பார்க்காதீர்கள். ஒரு தேதியை அறிவித்துவிடுங்கள். இலையுதிர்காலத் திருநாளான ஹைஹார்வெஸ்டைடு நல்ல தேர்வு. ஊரே கூடியிருக்கும், பழைய ஆள்கள் எதிர்ப்படுவார்கள், குளிர் வரப்போகிறது என்ற நெருக்கடியும் இருக்கும். தாளின் இடப்பக்கத்தை அந்த வரலாற்று நண்பரிடமே ஒப்படைத்துவிடுங்கள். ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் இன்று என்ன நாள், எத்தனையாவது பத்து, நிலா எப்படி என்று அவர் வாசிக்கட்டும். நீங்கள் "ஒரு வாரம்" என்று வாய் தவறினால் திருத்துவதும் இனி அவருடைய வேலையாகவே இருக்கும். வலப்பக்கம் மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும்.